சின்ன அலுவலகத்துக்கு மாற்று சர்வர் ஏற்பாடு: சேலம், ஏற்காடு அலுவலகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பத்து, இருபது கம்ப்யூட்டர் உள்ள அலுவலகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு சர்வர்தான் இருக்கும். டேலி, பில்லிங், ஸ்கேன் செய்த பேப்பர்கள், சம்பளக் கணக்கு எல்லாம் அதில்தான். அது திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே. செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கும் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கும் ஏற்காட்டு எஸ்டேட் அலுவலகத்துக்கும் பதில் ஒன்றாக இருக்காது. மாறும் இடங்களைச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் பத்துப் பேர்தான். எங்களுக்கு இதெல்லாம் தேவையா?

ஆள் கணக்கை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. முதலாளி உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சர்வர் நின்றால் எவ்வளவு நேரம் தாங்குவோம்? கடைசியாகப் போட்ட எண்ட்ரிகளில் எவ்வளவு போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்?

மண்டியில் காலையில் லோடு இறங்கும் நேரத்தில் பில் போட முடியவில்லை என்றால் லாரி நிற்கும், அடுத்த லாரி தெருவை அடைக்கும். அங்கே ஒரு மணி நேரமே அதிகம். ஆடிட்டர் அலுவலகத்தில் சாதாரண நாளில் அரை நாள்கூடத் தாங்கும். ஆனால் மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டிய 11-ம் தேதியும், 3பி போட வேண்டிய 20-ம் தேதியும் நெருங்கும்போது தாங்காது. கணக்கரிடம் கேட்டால் ஒரு பதில் வரும், குடோனில் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டில் குறைவான நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாங்கப்போகும் ஒவ்வொரு பெட்டியும் அந்த எண்ணுக்காகத்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? இரண்டாவது சர்வர் வாங்கினால் போதுமா?

போதாது. பல அலுவலகங்களில் பணம் வீணாவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சர்வர் வருடத்தில் 99 சதவீத நேரம் ஓடுகிறது என்றால், மூன்றரை நாளுக்குக் கொஞ்சம் மேல் நிற்கிறது என்று பொருள். அதே தரத்தில் இரண்டு வைத்தால், இரண்டும் ஒரே சமயத்தில் நிற்கும் நேரம் வருடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக எதுவுமே இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு சரி. ஒரே யூபிஎஸ், ஒரே ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி), ஒரே அறை, ஒரே அட்மின் பாஸ்வேர்டு என்று வைத்துவிட்டால் அது ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கிய மாதிரிதான். தண்ணீர் வற்றினால் இரண்டும் நிற்கும்.

அதனால் முதல் வேலை பேப்பரும் பேனாவும். இ.பி. கம்பத்தில் தொடங்கி, மீட்டர், மெயின் சுவிட்ச், யூபிஎஸ், சர்வர், ஸ்விட்ச், கேபிள் வழியாகக் கணக்கர் மேஜை வரை கோடு போடுங்கள். எந்த இடத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் ஓடுகிறதோ அங்கே வட்டம் போடுங்கள். எல்லா வட்டத்தையும் அழிக்க வேண்டியதில்லை. எது அடிக்கடி போகும், எது போனால் உடனே கிடைக்காது என்று பார்த்து அவற்றை முதலில் எடுங்கள். சேலத்தில் அந்த வரிசையில் முதலில் நிற்பது கரண்ட்தான்.

கரண்டுக்கு எங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறதே?

வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி. சர்வருக்கு ஆகாது. மாறும்போது வரும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் சர்வரின் பவர் சப்ளைக்கு அது ஒத்தும் வராது. ஆன்லைன் யூபிஎஸ் வாங்குங்கள். அதில் கரண்ட் எப்போதும் பாட்டரி பக்கமாகவே வருவதால் மாறுவதற்கான இடைவெளியே கிடையாது. வோல்டேஜ் ஏறி இறங்குவதும் சர்வருக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாம் சேர்த்து 350 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட் 65 ஏஎச் பாட்டரி மூன்று இருந்தால் காகிதத்தில் 2,340 வாட்-மணி. நடைமுறையில் பாதியைத்தான் நம்ப வேண்டும். அப்போது மூன்று மணி நேரம் ஓடும். திடீர் மின்தடைக்கு இது தாராளம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுக்கும் நாளுக்குப் போதாது. அந்த ஒரு நாளுக்காக பாட்டரியைக் கூட்டிக்கொண்டே போவதைவிட ஒரு சின்ன ஜெனரேட்டர் மேல்.

பாட்டரி விஷயத்தில் சேலத்து வெயிலைக் கணக்கில் எடுக்காமல் இருக்கக் கூடாது. யூபிஎஸ்ஸில் வரும் சீல் செய்த ஈய பாட்டரிகளின் ஆயுளை 25 டிகிரியில் வைத்துத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஏப்ரல், மே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் கதவைச் சாத்தி வைத்த யூபிஎஸ், நான்கு வருடம் வர வேண்டியது இரண்டே வருடத்தில் உப்பிப்போகும். பாட்டரி மாற்றிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போட்டு, பாட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஷட்டவுன் ஆகும்படி செட் செய்யுங்கள். யூபிஎஸ் வாங்கிய பெட்டியிலேயே அந்த கேபிள் பிரிக்காமல் கிடக்கும். அப்புறம், சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். ஒன்று யூபிஎஸ்ஸில், இன்னொன்று வேறு யூபிஎஸ்ஸில். வேறு இல்லையென்றால் ஸ்டெபிலைசர் வழியாக நேரே இ.பி. லைனில். யூபிஎஸ்ஸே பழுதாகும் நாளில் இதுதான் காப்பாற்றும்.

ஏற்காட்டில் இடி இடித்தாலே ஏதாவது போகிறது. என்ன செய்வது?

மலையில் இது பெரிய விஷயம். கோடை மழை வரும் மாலைகளில் இடியும் வரும், சில்வர் ஓக் கிளை முறிந்து லைன் மேல் விழவும் செய்யும். எஸ்டேட்டில் அலுவலகம் ஒரு கட்டடம், காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் பல்ப்பிங் ஷெட் ஒரு கட்டடம், குடோன் இன்னொன்று. இவற்றுக்கு நடுவே சாதாரண நெட்வொர்க் கேபிளை மரத்தில் கட்டி இழுத்திருப்பார்கள். பக்கத்தில் எங்கே இடி விழுந்தாலும் அந்தச் செம்புக் கம்பி வழியாக இரண்டு முனையிலும் ஸ்விட்ச் போகும், சில நேரம் சர்வரின் நெட்வொர்க் போர்ட்டும் சேர்ந்து போகும்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. செம்பு கேபிளுக்கு உள்ள 100 மீட்டர் எல்லையும் இதில் கிடையாது. தாங்கு கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இருந்தால் கட்டடத்துக்குள் நுழையும் முன் அதை எர்த் செய்ய வேண்டும். மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) இருக்கட்டும். ஆனால் எர்த் சரியில்லாத கட்டடத்தில் அது வெறும் அலங்காரம். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் அளந்து பாருங்கள். குழி தோண்டி உப்பும் கரியும் போட்டாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

வெயில் இல்லை என்பதால் பாட்டரிக்கு மலை நல்லது. ஈரம்தான் தொந்தரவு. பனிமூட்டம் உள்ளே வராத, சுவர் கசியாத அறையில், தரையை விட்டு உயர்த்தி வையுங்கள்.

ரெய்டு போட்டிருக்கிறோம். அப்புறம் எதற்கு பேக்கப்?

ரெய்டு (RAID) என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து வைத்து, ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் இருக்க. பேக்கப் என்பது ஃபைல் போனால் திரும்ப எடுக்க. யாரோ ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் ரெய்டு அதை இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக அழித்துவிடும். ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பூட்டினால் இரண்டிலும் பூட்டும்.

சின்ன அலுவலகத்துக்கு என் தேர்வு ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்கில் ஒரே தகவல். இடம் அதிகம் வேண்டுமென்றால் நான்கு டிஸ்க் வைத்து ரெய்டு 10. பெரிய டிஸ்குகளை வைத்து ரெய்டு 5 போடுவதை நான் சொல்வதில்லை. ஒன்று போனதும் புதிதைப் போட்டு மறுபடி கட்டும்போது மீதமுள்ள எல்லா டிஸ்கையும் முழுக்கப் படிக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும் அந்த நேரத்தில் இன்னொன்று தடுமாறினால் எல்லாம் போச்சு. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய டிஸ்குகள் கிட்டத்தட்ட ஒரே வயதில் தளரும் வாய்ப்பும் உண்டு. இரண்டு வேறு கம்பெனி டிஸ்க் வாங்குங்கள், அளவு மட்டும் பொருந்தட்டும்.

அதைவிட முக்கியமானது, ஒரு டிஸ்க் போனது உங்களுக்குத் தெரிய வேண்டும். சர்வர் முகப்பில் ஆரஞ்சு விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் காலண்டர் பெட்டி அடுக்கியிருப்பதால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஃபோனுக்கு மெயில் வரும்படி அலர்ட் போடுங்கள்.

இரண்டு சர்வரை கிளஸ்டர் போட்டால், ஒன்று நின்றதும் தானாக மற்றது எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே?

எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டே சர்வர் வைத்துத் தானாக மாறும் ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் உள்ள கேபிள் மட்டும் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும். இரண்டும் ‘நான்தான் சர்வர்’ என்று எழுத ஆரம்பித்தால் எந்தக் கணக்கு சரியானது என்று பிரிக்கவே முடியாது. இதைத் தடுக்க மூன்றாவதாக ஓர் ஓட்டு வேண்டும். பிராக்ஸ்மாக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில், ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் கூட அந்த ஓட்டைப் போடலாம். விண்டோஸ் கிளஸ்டரில் அதை விட்னஸ் என்பார்கள், வேறு ஒரு மெஷினில் ஒரு ஷேர் ஃபோல்டர் போதும்.

பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்கு நான் சொல்வது இதைவிட எளிது. சர்வரை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது ஒரு பெட்டிக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டராக, மாற்றிக்கொள்ளுங்கள். அதன் நகல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாவது பெட்டிக்குப் போகட்டும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-விலிருந்து, அதிலேயே உள்ள ஹைப்பர்-வி ரெப்ளிகா என்ற நகல் வசதி 30 வினாடி, 5 நிமிடம், 15 நிமிடம் என்ற இடைவெளிகளில் இதைச் செய்யும். பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க் இசட்எஃப்எஸ் வகையாக இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான செட்டிங். முதல் பெட்டி போனால் ஓர் ஆள் பார்த்து, உறுதி செய்து, இரண்டாவதில் ஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் தாங்கும் அலுவலகத்துக்கு இது போதும், நள்ளிரவில் தானாக மாறிக் குழப்பும் ஆபத்தும் இல்லை.

இரண்டாவது பெட்டியை வேறு அறையில், முடிந்தால் வேறு மாடியில் வையுங்கள். மூன்று ஃபேஸ் கனெக்‌ஷன் என்றால் வேறு ஃபேஸில். சர்வர் அறையின் ஏசி தண்ணீர் சொட்டினால் ஒன்றுதான் நனையும்.

டேலி லைசென்ஸ் என்ன ஆகும்?

இதை முன்கூட்டியே பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். லைசென்ஸ் ஆக்டிவேட் செய்த மெஷினோடு கட்டப்பட்டது. புது மெஷினில் டேட்டா பத்திரமாக இருக்கும், டேலியோ எஜுகேஷனல் மோடில் (லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலையில்) நிற்கும். பழைய மெஷினிலிருந்து லைசென்ஸை விடுவித்து, அதாவது சரண்டர் செய்துவிட்டு மாற்றலாம் என்றால், சரண்டர் செய்ய வேண்டிய மெஷினே செத்துக் கிடக்கும். மெஷின் போய்விட்டால் லைசென்ஸை எப்படி மீட்பது என்று உங்கள் டேலி பார்ட்னரிடம் இப்போதே கேட்டு, சீரியல் நம்பரும் அட்மின் மெயிலும் பாஸ்வேர்டும் எங்கே இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். அந்த மெயில் பழைய கணக்கரின் சொந்த ஜிமெயிலாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சர்வர் நின்றால் இன்டர்நெட்டும் நிற்கிறது. ஏன்?

டொமைன் போட்ட, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரின் லாகினையும் சர்வரே கவனிக்கும் அலுவலகமாக இருந்தால் லாகின், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவது), டிஎச்சிபி (ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் முகவரி கொடுப்பது) மூன்றும் அந்த ஒரே சர்வரில் இருக்கும். இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் இரண்டு விர்ச்சுவல் மெஷினாகப் போட்டால் பயனில்லை. டிஎச்சிபி-க்கு விண்டோஸ் சர்வர் 2012 முதல் ஃபெயில்ஓவர் (ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும்) வசதி உள்ளேயே இருக்கிறது.

ஒரு வழக்கமான தவறு: கம்ப்யூட்டர்களில் இரண்டாவது டிஎன்எஸ் ஆக 8.8.8.8 போட்டு வைப்பது. கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் அலுவலக டொமைன் தெரியாது. சில நாள் லாகின் ஆகும், சில நாள் ஆகாது, காரணமே பிடிபடாது. இரண்டு இடத்திலும் உங்கள் சொந்த சர்வர்களையே போடுங்கள்.

இன்டர்நெட் இரண்டு கனெக்‌ஷன் வாங்கியும் ஒரே நேரத்தில் போகிறதே?

இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்று வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். கம்பெனி வேறாக இருக்கலாம், பாதை ஒன்றாக இருக்கும். ரோட்டைத் தோண்டினால் இரண்டும் போகும். ஒன்று ஃபைபர், மற்றது சிம் போட்ட ரவுட்டர் என்று வைப்பதே நல்லது. சிம் லைனில் வெளியே இருந்து உங்கள் சர்வருக்குள் நேராக வர முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிளை அலுவலகம் இணைந்திருந்தால், இரண்டு பக்கமும் வெளியே ஒரு வாடகை சர்வரில் சந்திக்கும்படி விபிஎன் (இன்டர்நெட் வழியாக ஒரு தனிப் பாதை) அமைக்க வேண்டியிருக்கும்.

ஏற்காட்டுக்கு இது இன்னும் கடுமை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் லைனும் போகும், சரிசெய்யும் ஆளும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வர முடியாது. அதனால் மலை அலுவலகத்துக்குத் தேவையான உதிரிகள் மலையிலேயே இருக்க வேண்டும்: ஒரு ஸ்விட்ச், ஒரு டிஸ்க், ஒரு பவர் சப்ளை, ஒரு ரவுட்டர். ஐந்து ரோட்டுக் கடையில் கிடைக்கும் என்ற தைரியம் டவுன்காரர்களுக்கு மட்டும்தான்.

ஸ்விட்சுக்கும் இரண்டு வேண்டுமா?

ஒரே மாதிரி ஒன்று வாங்கி, செட்டிங் ஏற்றி, அலமாரியில் வையுங்கள். போதும்.

பேக்கப் எங்கே வைப்பது? கிளவுடில் போட்டால் போதாதா?

மூன்று நகல், இரண்டு வகை இடத்தில், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. இந்தப் பழைய விதி இன்றைக்கும் சரி. அதோடு ஒன்று: ஒரு நகலாவது நெட்வொர்க்கிலிருந்து துண்டித்த நிலையில் இருக்கட்டும். ரான்சம்வேர் வந்தால் சர்வரின் அட்மின் பாஸ்வேர்டில் திறக்கக்கூடிய எல்லாவற்றையும் பூட்டும். ரெப்ளிகாவும் பூட்டிய ஃபைலைத்தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு யூஎஸ்பி டிஸ்கை வாரம் மாற்றி மாற்றி எடுத்து வீட்டு லாக்கரில் வைப்பது பழங்கால வேலை மாதிரித் தெரியலாம். ஆனால் மிக நம்பகமானது.

கிளவுட் நல்லதுதான். திரும்ப இறக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடுங்கள். 1 டிபி டேட்டாவை 100 எம்பிபிஎஸ் லைனில் முழு வேகத்தில் இறக்கினாலே 22 மணி நேரம். உள்ளூர் நகலிலிருந்து ஜிகாபிட் நெட்வொர்க்கில் இரண்டரை மணி நேரம் போதும்.

டவுனில் கடையும் மலையில் எஸ்டேட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒன்றின் நகலை மற்றதில் வைத்தால் அதுவே கட்டடத்துக்கு வெளியே இருக்கும் நகல். இரவில் மாறிய பகுதி மட்டும் போய்ச் சேரட்டும்.

சட்டப்படி ஏதாவது கட்டாயம் உண்டா?

பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனிகள், கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருந்தால், கம்பெனிச் சட்ட விதிகளில் வந்த 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும். கிளவுட் வாங்கும்போது எந்த நாட்டு டேட்டா சென்டர் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவுகளை அந்த வருட ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், வழக்கு இருந்தால் அதற்கு மேலும். ஹேக்கிங், ரான்சம்வேர் என்றால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. அந்தப் பதற்றத்தில் தேட முடியாது, மெயில் முகவரியை முன்பே எழுதி ஒட்டுங்கள்.

எல்லாம் வேலை செய்யும் என்று எப்படி நம்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். முந்தின இரவு பேக்கப் எடுத்து, இன்னொரு மெஷினில் திறந்து பார்த்தபிறகுதான். கணக்கரையும் பில் போடுகிறவரையும் வரச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் ஆள் மட்டும் பார்த்தால் தெரியாது.

வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் இப்படிச் சோதித்தபோது இரண்டாவது சர்வர் அழகாக எழுந்தது. டேலி திறந்தது, பழைய பில்லும் வந்தது. புது பில்லில் எடை மட்டும் பூஜ்யமாகவே நின்றது. எடை மெஷினின் சீரியல் கேபிள் முதல் சர்வரின் பின்னால் சொருகியிருந்தது. தட்டில் கொலுசு இருக்கிறது, எடை சர்வருக்குப் போகவில்லை. கிராம் கணக்கில் ஓடும் தொழிலில் எடை இல்லாமல் பில் இல்லை. எடையை நெட்வொர்க் வழியாக அனுப்பும் ஒரு சின்ன மாற்றுப்பெட்டி வைத்த பிறகுதான் ஏற்பாடு முழுமையானது. வரைபடத்தில் இதெல்லாம் தெரியவே தெரியாது. பிரிண்டர், பயோமெட்ரிக், கேமரா பெட்டி எல்லாவற்றையும் அன்று தொட்டுப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, தாக்கல் தேதிகளை ஒட்டாமல்.

கையில் பணம் கொஞ்சம்தான். எதை முதலில் வாங்குவது?

முதலில் பேக்கப்பும் அதைத் திறந்து பார்க்கும் பழக்கமும். அடுத்து ஆன்லைன் யூபிஎஸ், எர்த். பிறகு ரெய்டு 1 டிஸ்க், உதிரி ஸ்விட்ச். அதற்குப் பின் சிம் ரவுட்டர். இரண்டாவது சர்வர் கடைசியில்தான் வரும்.

பழைய சர்வரை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், முழு வேலையையும் தாங்கும் மெமரி இருந்தால். டிஸ்கையும், மதர்போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பாட்டரியையும் மாற்றிவிடுங்கள். ஜவ்வரிசி ஆலையில் ஓடியது என்றால் ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் மாவு படிந்திருக்கும், கழற்றி ஊதிச் சுத்தம் செய்த பிறகு ஒரு வாரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு ரெப்ளிகாவை ஏற்றுங்கள்.